எத்திராஜ் சிரிக்கவில்லை

1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள், வெள்ளிக்கிழமை. அன்று சித்தூர்–திருப்பதி சாலையில் இருக்கும் புத்தலப்பட்டில், மைத்துனர் முனிகிருஷ்ணனின் உடலுக்கு முன்னால் நின்றுகொண்டு, சித்தூர் எத்திராஜ் வாய்விட்டுச் சிரித்தார் என்று ஊர் சொல்லிற்று, இன்றும் சொல்கிறது. அது உண்மையன்று. அவர் சிரிக்கவில்லை. வயது அறுபத்தெட்டு; இடப்பக்கம் தளர்ந்துவிட்டது; ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க மற்றவர்களைக் காட்டிலும் நெடுநேரம் ஆகும். அப்படிப்பட்ட மனிதர்மேல் அவர் செய்யாத குற்றம் ஒன்று சுமத்தப்பட்டது. சுமத்தியவர்களில் ஒருவர்கூட அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. குறை இதுதான்.

நடந்ததை முறையாகச் சொன்னால்தான் விளங்கும்.

திருத்தணி தாலுக்கா அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. ஏழு ஆண்டுகளாக ஊர் ஊராகக் கூட்டம் போட்டும் கொடி பிடித்தும் அடி வாங்கியும் நடந்த எல்லை வழக்குக்கு ஒருவாறு முடிவு வந்த நாள் அது. அதே நாள் விடியற்காலையில் முனிகிருஷ்ணன் கிணற்று மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஆள் வந்து சொன்னதும், அவருடைய அக்காள் தாட்சாயணி கணவர் எத்திராஜைக் கூட்டிக்கொண்டு சித்தூரிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

பஸ் நிற்கும் இடத்தில் சோடாக்கடை வைத்திருந்தவன் எத்திராஜைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். சாவுச் செய்தி அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"இன்னா மாமா, கடைசீல திருத்தணி நம்மகிட்ட வந்துட்சே! சித்தூர வுட்டுட்டானுங்க, அத்த வுடு. இதுனா வந்துதே!"

எத்திராஜ் தலையை அசைத்தார். தாட்சாயணி அவருடைய முழங்கைக்கு அடியில் கை கொடுத்து நடத்திக்கொண்டு போனாள். வீட்டு வாசலில் பெஞ்சின்மேல் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். அவன் மனைவி சுந்தரி, "அண்ணீ, பாத்தியா அண்ணீ, ஒந்தம்பி பூட்டாரே" என்று கூவிக்கொண்டு வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த ஒலி எழுந்தது. முதலில் விக்கல்போல இருந்தது. பிறகு மூக்கு வழியாகவும் தொண்டை வழியாகவும் அடக்க முடியாமல் வெடித்தது. எத்திராஜின் வாய் இரு பக்கமும் இழுத்துக்கொண்டது, தோள்கள் குலுங்கின, கண்கள் இடுங்கி மூடிக்கொண்டன. அடக்க அவர் வலக்கையால் வாயைப் பொத்தினார். பொத்திய கையை மீறிக்கொண்டு அது வந்தது.

ஒப்பாரி பட்டென்று நின்றது. முனிகிருஷ்ணனின் பங்காளியும் அந்தத் தெருவில் மூத்தவருமான பச்சையப்பன்தான் முதலில் வாய் திறந்தார்.

"சிரிக்கட்டும், வுடுங்கடா. திருத்தணிய வாங்கிட்டாரு இல்ல? செத்தவன ஜெயிச்சிட்டாரு. இந்த நாளுக்குத்தான் காத்துகினு இருந்தாரு."

அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொள்ளக் காரணமும் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் உண்டானபோது, சித்தூர்க் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றிருந்த எத்திராஜ், சித்தூர் தமிழ்நாட்டோடுதான் சேரவேண்டும் என்று ஊர்வலத்தில் போனார். சில நாள் காவலிலும் இருந்தார். முனிகிருஷ்ணன் நிலத்தை நம்பியவர். தம் வீட்டு விருந்து ஒன்றில் அவர், "நெலம் எங்கியும் எழுந்து பூடாது மாமா. பட்டா தெலுங்குல இருந்தா வேர்க்கடல வெளையாதா இன்னா?" என்று கேட்டார். எத்திராஜ் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்தார். சோற்றில் கை வைத்தவர் எழுந்து போவதென்றால் அது அந்தப் பக்கத்தில் சிறிய காரியமன்று. சமைத்தவள் முகத்தில் துப்பியதற்குச் சமம். புத்தலப்பட்டு முழுவதும் அதைப் பார்த்தது, மறக்கவும் இல்லை.

புத்தலப்பட்டு பார்க்காதது ஒன்று உண்டு. நான்கு ஆண்டு கழித்து, ஒரு பிற்பகலில், எத்திராஜ் திருப்பதி பஸ்ஸிலிருந்து வழியில் இறங்கி, மைத்துனர் வீட்டுக்குள் நுழைந்து, மோர் கேட்டார். முனிகிருஷ்ணன் கொண்டுவந்து கொடுத்தார். மழை பெய்யுமா என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். சமாதானத்துக்கு யாரும் பஞ்சாயத்து வைக்கவில்லை, கை கோத்துக்கொள்ளவில்லை, ஆகையால் சண்டை தீர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவு தாட்சாயணி கேட்டாள்:

"அத்தினி கோவமும் எங்க பூட்ச்சி?"

"தேடிப் பாத்தேன். ஆப்புடல" என்றார் எத்திராஜ்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. வயது ஏற ஏறக் கோபம் அவரிடம் தங்கவில்லை. காலையில் வரும், காபி குடிப்பதற்குள் போய்விடும். எல்லைக் கூட்டங்களுக்குப் போனார், கடமைக்காகப் போனார், திரும்பி வந்து நன்றாகத் தூங்கினார். தாட்சாயணிக்கும் அப்படித்தான் ஏதோ ஆகியிருந்தது. மகள் ஊருக்குப் போக பஸ் ஏறினாலே அழுகிறவள் அவள். இப்போது தம்பியின் உடலைக் கட்டிக்கொண்டபோதும் கண் நனையவில்லை. துக்கம் இருந்தது. கண்ணுக்கும் அதற்கும் நடுவில் இருந்த வழி தூர்ந்துபோயிருந்தது. வயதானவள், அழுது அழுது வற்றிப்போனவள் என்று சொல்லி அவளை ஊர் மன்னித்தது. அவள் கணவரின் வாயை மன்னிக்கவில்லை.

சாவுக்கு முந்திய தை மாதம் எத்திராஜுக்கு வாதம் வந்ததை எல்லாரும் அறிவார்கள். வாதம் கையைத் தொடும், காலைத் தொடும், வாயைக் கோணும்; அதோடு சரி என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். படித்தவர்களின் எண்ணமும் அதுவே.

பிணம் எடுத்ததும் இருவரும் சித்தூருக்குத் திரும்பினார்கள். வழியில் அவள் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவளுக்குப் பயமாயிருந்தது. மனத்தில் ஒரு மூலையில் ஏதேனும் பழைய பகை மிஞ்சியிருந்து, அதுதான் சிரித்துவிட்டதோ என்று அவளே ஐயுற்றாள். நாற்பத்தைந்து ஆண்டு ஒருவரோடு வாழ்ந்தவளுக்கு இப்படி ஓர் ஐயம் வருவது எத்தனை களைப்பான காரியம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

மூன்றாம் நாள் முனிகிருஷ்ணனின் மகன் ஆதிநாராயணன் வந்தான். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே சொன்னான்.

"கருமாதிக்கு நீ வா அத்தை. மாமா வரவேணாம்னு அம்மா சொல்லச் சொல்லிச்சி."

"அப்ப ஒனக்குத் தலப்பா யாருடா கட்றது?"

"குடிபாலா ஊர்ல ஒருத்தரு கீறாராம். மாமன் முறையாம். பச்சையப்பன் பெரிப்பா பேசி வச்சிட்டாரு."

தகப்பனுக்குக் கருமாதி செய்த மகனின் தலையில் மாமன் தலைப்பாகை கட்டவேண்டும். கட்டினால்தான் அவன் இனி அந்த வீட்டுக்குப் பெரியவன். சுந்தரியோடு பிறந்த ஆண் கிடையாது. அத்தையின் கணவர் எத்திராஜ் ஒருவரே முறைக்கு உரிய மாமன். அவரைத் தள்ளிவைத்து, எங்கிருந்தோ ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஊர் கூடி, தாட்சாயணிக்குத் தாய்வீடு இல்லை என்று எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பாகும். ஆனாலும் அவளுக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது வேறு. அவர் சிரிக்கவில்லை என்று அந்த வீடு நம்பவேண்டும். நம்பினால் போதும், மற்றவை தாமே நடக்கும்.

அதற்கு முதலில் அவள் நம்பவேண்டும்.

அதுவரை தளர்ச்சி என்று கவனிக்காமல் விட்டதை அந்த வாரத்தில் அவள் உற்றுப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்ததற்கு அவர் தேம்பி அழுதார். தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எண்ணெய்க்காரியின் மாடு செத்ததைக் கேட்டுச் சிரித்தார். அவள் ஈரத்துணியைப் பிழிந்து அவர் முதுகைத் துடைத்தபோது அழுதார். எந்தச் சிரிப்புக்கும் எந்த அழுகைக்கும் பொருத்தம் இல்லை. மணியடிக்கும் கயிறு அறுந்துபோய், காற்று அடித்தபோதெல்லாம் மணி தானே ஒலிப்பதுபோல் இருந்தது.

பக்கத்து வீட்டார் ஒரு டாக்டரைச் சொன்னார்கள். திருப்பதியில், கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார், தெலுங்கர், மூளை, நரம்பு சம்பந்தமான வியாதிகளை நன்றாகப் பார்ப்பார் என்று பேர். தாட்சாயணி கணவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கிய யாத்திரிகர்கள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்து தூங்கி வழிந்தார்கள். ஒரு குழந்தையின் மொட்டையைப் பார்த்து எத்திராஜ் அழத் தொடங்கினார். குழந்தையின் தாய் பயந்து அடுத்த இருக்கைக்குப் போய்விட்டாள்.

டாக்டர் கையையும் காலையும் தட்டிப் பார்த்தார். கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு தாட்சாயணியிடம் நடந்ததைக் கேட்டார். அவள் சொல்லி முடித்ததும், யாரும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். நாற்காலியை இழுத்து எத்திராஜுக்கு எதிரே போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், தம் கைகளைப் பார்த்தபடி கேட்டார்:

"எத்திராஜுலு காரு, லோபல ஏமுந்தி?"

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். கோர்ட்டில் வாழ்நாளைக் கழித்த எத்திராஜுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். பதில் சொல்ல வாயெடுத்தார், சிரிப்பு வந்தது. டாக்டர் காத்திருந்தார். சிரிப்பு அடங்கியது, மறுபடி வந்தது, மறுபடி அடங்கியது. வெளியே நோயாளிகள் இருமினார்கள். டாக்டர் எழுந்திருக்கவில்லை.

"முனி… எனக்கு மோர்… கொடுத்தான்" என்றார் எத்திராஜ். "அவன் இல்லன்னா… அந்த ரோட்டுல… எறங்க எடம் இல்ல."

தாட்சாயணி புடைவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"இதி ஆயன நவ்வு காதம்மா" என்றார் டாக்டர், அது அவருடைய சிரிப்பே அன்று என்று. பிறகு, அவளுக்கு விளங்குவதற்காகத் தமிழும் தெலுங்கும் கலந்து சொன்னார்: "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இருக்கு இல்ல? சிரிப்புக்கும் அழுகைக்கும் மூளையிலே அப்படி ஒரு கயிறு உண்டு. ரத்தக்குழாய் அடைச்சு அந்தக் கயிறு தெகிபோயிந்தி, அறுந்து போச்சு. மாடு அது இஷ்டத்துக்கு ஓடுது. வண்டியிலே உட்கார்ந்திருக்கிறவரைக் கோவிச்சு என்ன பிரயோஜனம்?"

"மருந்து?"

"பெரிசா இல்லம்மா. நாள் போகப் போகக் குறையலாம். முகத்தைப் பார்த்து எதுவும் முடிவு பண்ணாதீங்க. கேளுங்க. பதில் வர டைம் ஆகும்."

அவள் கைகூப்பினாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதைப் புத்தலப்பட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் பாக்கி என்று எண்ணினாள்.

திரும்பும் வழியிலேயே இறங்கினாள். சுந்தரி கூடத்து மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். எத்திராஜைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சுந்தரி, டாக்டரு சொல்றாரு, இது வியாதிம்மா. அவுரு சிரிக்கல. மூளையில அடப்பு."

"டாக்டரு நல்லாத்தான் சொல்லுவாரு அண்ணி. துட்டு வாங்கிகினு இன்னா வோணா சொல்லுவாரு. நீ கேட்டத சொல்லியிருப்பாரு."

"பாலு பொங்குனா அழுவுறாரும்மா!"

"பாலுக்கு அழுவத் தெரியுது. என் ஊட்டுக்காரருக்கு மட்டும் சிரிப்பா?"

எரிச்சலோடு சொன்னாலும் அதில் நியாயம் இருந்தது. எத்திராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் அப்போது எந்த உணர்ச்சியும் இல்லாமல் கழுவிவைத்த தட்டுப்போல் இருந்தது. அதையும் திமிர் என்றே சுந்தரி எடுத்துக்கொண்டாள்.

இடையில் புகுந்தவன் ஆதிநாராயணன்தான். "வுடும்மா. குடிபாலாக்காரரு யாருன்னே எனக்குத் தெரியாது. மாமாவே கட்டட்டும்." பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினான். "ஆனா சிரிச்சார்னு வையி, நான் பாதில எழுந்து பூடுவேன் அத்தை. எனுக்கும் மானம் கீது."

கருமாதி வரையிலான நாட்களில் எத்திராஜ் முடிச்சுப் போடப் பழகினார். இடக்கை விரல்கள் துணியைப் பிடிக்கும், உடனே மறந்துவிடும். தாட்சாயணி ஒரு பழைய துண்டை எடுத்து, தன் தலையையே கொடுத்தாள். அவர் சுற்றுவார், நழுவும், மறுபடி சுற்றுவார். கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "மிராசுதாரு மாதிரி கீறேன்" என்பாள். அவருக்குச் சில சமயம் சிரிப்பு வரும். அதில் எது உண்மையான சிரிப்பு என்று அவள் ஆராயவில்லை. டாக்டர் கேட்டபடியே தினமும் ஒரு முறை கேட்டாள்: "உள்ள இன்னா கீது?" கேட்டுவிட்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் பதில் வந்தது. சில நாள் வரவில்லை. ஒரு நாள் அவர் சொன்னார்: "முனிகூட… சண்ட போடணும்னு கீது. கோவம்… வரமாட்டேங்குது."

பதினாறாம் நாள் வந்தது. ஏரிக்கரையில் சடங்கு முடிந்து, மழித்த தலையும் ஈர வேட்டியுமாக ஆதிநாராயணன் வீட்டு முற்றத்தில் மணையில் உட்கார்ந்தான். உறவுமுறையார் சூழ்ந்து நின்றார்கள். எல்லாருடைய கண்களும் எத்திராஜின் வாயிலேயே இருந்தன. தாட்சாயணி தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு நெஞ்சு படபடக்கவில்லை. அந்த வயதில் அதுவும் குறைந்துவிட்டது. கால் மட்டும் வலித்தது.

எத்திராஜ் புதுத் துண்டை எடுத்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். இடக்கை நழுவியது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடித்தார். இரண்டாம் சுற்று. முனையைச் செருகி, முடிச்சை இறுக்கினார். முடிச்சு நின்றது.

அதே கணம் அவர் முகம் உடைந்தது. வந்தது சிரிப்பன்று, அழுகை. வாய் கோணி, கண்ணீர் தாரையாக வழிந்து, குழந்தையைப்போல் விம்மி விம்மி அழுதார்.

முற்றம் முழுவதும் பெருமூச்சு விட்டது. பெண்கள் இரண்டு பேர் கூடவே அழுதார்கள். பச்சையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தீர்ப்புச் சொல்கிறவர்போல் சொன்னார்:

"பாத்தீங்களா? அன்னிக்கிச் சிரிச்ச வாயி இன்னிக்கி அழுவுது. மனசு உறுத்திட்சி. உறுத்தாம இருக்குமா? ஆயிரம் இருந்தாலும் மனுசன்."

ஆதிநாராயணன் எழுந்து, தலைப்பாகையோடு எத்திராஜின் காலில் விழுந்தான். "அழுவாத மாமா. பூட்ச்சி, வுடு. நான் மன்னிச்சிட்டேன்."

சுந்தரி வந்து தாட்சாயணியின் கையைப் பிடித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் கை. "வா அண்ணி. நீயும் அண்ணாவும் மொத எலையில உக்காருங்க."

பிரச்சினை தீர்ந்தது, தாய்வீடு மிஞ்சியது. வாயை மூடிக்கொண்டு போய் இலையில் உட்கார்ந்திருந்தால் போதும். தாட்சாயணிக்கு உட்காரவேண்டும் என்றுதான் இருந்தது. அவளுக்கு அவ்வளவு களைப்பு. ஆனால் மன்னிக்கப்பட்டவர் யார்? மன்னிப்பு என்று ஒன்று வழங்கப்பட்டால், குற்றம் என்று ஒன்று நடந்ததாக ஆகிறது. இந்த அழுகையை ஏற்றுக்கொண்டால் அந்தச் சிரிப்பையும் ஏற்றுக்கொண்டதாக ஆகும். அவள் கணவர் அவளுடைய தம்பியின் பிணத்தைப் பார்த்துச் சிரித்தவராகவே சாகவேண்டியிருக்கும். சிரித்துப் பின் திருந்தியவராக.

அவள் சுந்தரியின் கையை மெதுவாக விலக்கினாள்.

"இன்னாத்துக்குடா ஆதி மன்னிக்கிற?"

"அத்தை…"

"அவுரு ஒண்ணும் செய்யலடா, மன்னிக்கிறதுக்கு. அன்னிக்கி வந்த சிரிப்பு அவுருது இல்ல. இன்னிக்கி வந்த அழுவ மட்டும் அவுருதா? ரெண்டும் ஒரே வியாதிதான்."

"அண்ணி!" என்றாள் சுந்தரி. "அப்ப என் ஊட்டுக்காரருக்காவ அவுரு அழுவவே இல்லன்றியா?"

"ஏம்மா, நல்லா முடிஞ்சத இன்னாத்துக்குக் கெளர்ற?" என்றார் பச்சையப்பன். "வழக்காடி வழக்காடிப் பழகின குடும்பம். எல்லையில வுட்டத இங்க புடிக்கப் பாக்குது."

இரண்டொருவர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் சொல்லவேணாம்" என்றாள் தாட்சாயணி. "அவுரையே கேளுங்க. தோ நிக்கிறாரு. உள்ள இன்னா கீதுன்னு ஒரு தபா கேளுங்க."

ஆதிநாராயணன் கேட்டான். அதை மறுப்பதற்கில்லை. "மாமா, சொல்லு மாமா. உள்ள இன்னா கீது?"

எத்திராஜ் அழுகையை விழுங்கப் பார்த்தார். வாய் திறந்தது. "மு…" என்றார். விம்மல் வந்து சொல்லை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி, "முடி…" என்றார். ஆதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் சிறிது நேரம் பார்த்தது. பிறகு காலை மாற்றி நின்றது. பிறகு தங்களுக்குள் பேசத் தொடங்கியது. பந்தியில் சோறு ஆறுகிறது என்று யாரோ உள்ளிருந்து குரல் கொடுத்தார்கள். "ஊட்டுக்குப் பெரியவரே, வா, எலைக்குத் தண்ணி தெளி. நீதான் தெளிக்கணும்" என்று பச்சையப்பன் ஆதியின் தோளைத் தொட்டார்.

"தோ வந்துட்றேன் மாமா" என்று எத்திராஜிடம் சொல்லிவிட்டு ஆதிநாராயணன் உள்ளே போனான். அவன் கெட்டவனல்லன். ஒரு பதிலுக்காக மனிதர்கள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்களோ அவ்வளவு நேரம் அவன் காத்திருந்தான். அது போதவில்லை.

அவர்கள் இருவரும் இலையில் உட்காரவில்லை. எழுந்து போவதைக் காட்டிலும் உட்காராமல் போவது மேல் என்று தாட்சாயணி நினைத்தாள். சுந்தரி வாசல்வரை வரவில்லை.

சித்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் அவரை உட்கார்த்திவைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. அழுகை எப்போதோ நின்றிருந்தது. முகம் பழையபடி வெறுமையாக இருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. கேள்வி முன்பே கேட்கப்பட்டுவிட்டது. பதில்தான் இன்னும் வழியில் இருந்தது.

பஸ் பல ஊர்களைத் தாண்டிய பிறகு அவர் பேசினார்.

"முடிச்சு… அவுந்துடும்னு… பயம். அதான் உள்ள." சிறிது நேரம் மூச்சு வாங்கினார். "ஆதி தலையில… முனி மாதிரியே… ரெண்டு சுழி. மொட்ட அடிச்சதும்… தெரிஞ்சிது. எனக்கு… அப்ப… சந்தோஷமா… இருந்திச்சி, தாட்சாயணி."

துக்கம் என்று அவர் சொல்லவில்லை. பயம் என்றும் சந்தோஷம் என்றும் சொன்னார். அழுதுகொண்டிருந்த முகத்துக்குப் பின்னால் இருந்தவை அவைதாம்: செத்தவனுடைய சாயலை மகன் தலையில் கண்ட சந்தோஷமும், அந்தத் தலையில் தன் முடிச்சு நிற்கவேண்டுமே என்ற பயமும். இதை அந்த முற்றத்தில் சொல்ல அவருக்கு நேரம் கிடைத்திருந்தால், சுந்தரி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். தாட்சாயணிக்கு அது தெரியும். திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று நினைத்தாள். அவள் வாயால் சொன்னால் அது அவளுடைய வழக்காகத்தான் இருக்கும்.

"முடிச்சு நல்லாத்தான் நின்னுச்சி" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையசைத்தார்; உடனே சிரிப்பு வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி முறைத்தார்.

அடுத்த பொங்கலுக்குப் புத்தலப்பட்டிலிருந்து சீர் வரவில்லை. சித்தூர் எத்திராஜ் பிணத்தைப் பார்த்துச் சிரித்தார், கருமாதியில் அழுது மன்னிப்புக் கேட்டார், அப்புறமும் அவர் பெண்டாட்டி சண்டை போட்டாள் என்பதாக அங்கே கதை நிலைத்துவிட்டது. மூன்றும் பொய்.

படித்து முடித்த உங்களிடம் வேண்டுவது இரக்கம் அன்று. அதை அந்த முற்றத்திலும் தாராளமாகக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இடத்துக்குப் பொருந்தாமல் சிரிக்கிற, காரணமின்றி அழுகிற, அல்லது எதற்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு முதியவர் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்து நீங்கள் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு எழுதிவைத்திருக்கிறீர்கள். அதை இன்றே அழியுங்கள். அவர் எதிரில் போய் உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டால், சோறு ஆறினாலும், யார் கூப்பிட்டாலும், பதில் வந்து சேரும்வரை எழுந்திருக்காதீர்கள்.